வெளியில் வாங்காமல் விளக்கு எரியுமா? எரிசக்தித் தன்னிறைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கம் வயரிங் வேலைக்குப் போகிறவன் நான். அதற்கு முன்னால் செம்பனை (பாமாயில்) மில்லில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை பார்க்கும்போது வீட்டுக்காரர்களுக்கும் வேலை ஓடாது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைத்தான் கேட்பார்கள். டீசல் விலை ஏறியதிலிருந்து இன்னும் அதிகம். ஒரே பதிலை வீட்டுக்கு வீடு சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எண்ணெய் கிடைக்கிற நாடுதானே நாம? அப்புறம் எதுக்கு வெளியிலேர்ந்து வாங்குறோம்?

கிடைக்கிறதுதான். சரவாக் மிரியில் 1910-லேயே ஷெல் எண்ணெய் எடுத்தது. 1974-ல் அரசாங்க எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் வந்தது. திரங்கானு கடலில் எடுக்கும் தாப்பிஸ் எண்ணெய் கந்தகம் குறைந்த, லேசான, உயர்ந்த ரகம், அதனாலேயே அதற்கு வெளியில் நல்ல விலை. அதை விற்றுவிட்டு, விலை குறைந்த கனமான எண்ணெயை மத்திய கிழக்கிலிருந்து வாங்கிச் சுத்திகரித்தால் கையில் காசு மிஞ்சும். பெங்கெராங் சுத்திகரிப்பு ஆலையில் சவூதி அராம்கோ பெட்ரோனாஸோடு பாதிக்குப் பாதி பங்கு வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் பழைய கிணறுகள் வற்றி வருகின்றன, சாலையில் வண்டி கூடிக்கொண்டே போகிறது. இப்போது நாம் விற்கும் கச்சா எண்ணெயை விட வாங்குவதுதான் அதிகம். இன்னும் நல்ல காசு பார்ப்பது எரிவாயுவில். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983-ல் ஜப்பானுக்குத் திரவ எரிவாயுக் கப்பல் போக ஆரம்பித்தது, இன்னும் போகிறது. வேடிக்கை என்னவென்றால் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தீபகற்ப மலேசியாவுக்கு எரிவாயு பத்தவில்லை என்று மலாக்கா சுங்கை ஊடாங்கில் 2013-லிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறோம். ஒரே நாடு, ஒரு பக்கம் விற்கிறது, மறுபக்கம் வாங்குகிறது.

அதெல்லாம் சரி, ஒரு நாடு முழுசா சொந்தக் கால்ல நிக்க முடியுமா முடியாதா? சுருக்கமா சொல்லுங்க.

எதையுமே வாங்காமல் முடியாது. அப்படி ஓடுகிற நாடு இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஐஸ்லாந்தில் கரண்டு கிட்டத்தட்ட முழுக்க அருவித் தண்ணீரிலும் பூமிக்கடியில் இருக்கும் வெந்நீரிலும்தான் வருகிறது, இருந்தும் மீன்பிடிப் படகுக்கும் விமானத்துக்கும் எண்ணெய் கப்பலில்தான் வந்தாக வேண்டும். உலகத்தோடு சேராமல் கதவைச் சாத்திக்கொண்ட வட கொரியாவுக்கே எண்ணெய் சீனாவிலிருந்து குழாயில் போகிறது.

என்னைக் கேட்டால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். எதை வாங்குகிறோம், எத்தனை பேரிடம் வாங்குகிறோம், அவர்கள் நாளைக்குத் தர மாட்டோம் என்றால் எத்தனை நாள் தாங்குவோம்? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான் போகும்.

நம்ம வீட்டு கரண்டு அணையிலேர்ந்துதானே வருது?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பள்ளிப் பாடப் புத்தகத்தில் அணைப் படம் பார்த்ததாலோ என்னவோ. பேராக்கில் செண்டெரோ அணை 1930-லிருந்து ஓடுகிறது, அப்புறம் தெமெங்கோர், கென்யிர் எல்லாம் உண்டு. ஆனால் தீபகற்பத்தில் அணைகளின் பங்கு சிறியது. பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும். நிலக்கரி மட்டுமே பாதிக்குப் பக்கத்தில் வரும்.

மாஞ்சோங், காப்பார், ஜிமா, தஞ்சோங் பின் என்று பெரிய நிலக்கரி மின்நிலையங்கள் எல்லாம் கடலோரமாக இருப்பதைப் பாருங்கள். கப்பலில் வருகிற சரக்கு, அதனால்தான். அதிகம் இந்தோனேசியாவிலிருந்து, மீதி ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து. 2022 ஜனவரி முதல் தேதி இந்தோனேசியா திடீரென்று நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்தியது, தன் நாட்டு மின்நிலையங்களுக்கே பத்தவில்லை என்று. ஜப்பான், தென்கொரியா, பிலிப்பீன்ஸ் எல்லாம் தடையை எடுக்கச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டார்கள். சில வாரத்தில் சரியாகிவிட்டது. சண்டையில்லை, பகையில்லை, பக்கத்து வீட்டுக்காரன் தன் அடுப்பைப் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். நம் ஃபேனும் ஃப்ரிட்ஜும் அந்தக் கப்பலை நம்பித்தான் இருந்தன.

பாக்கூன் அணை அவ்வளோ பெருசா இருக்கே, அந்தக் கரண்டை இங்க இழுத்துட்டா?

2,400 மெகாவாட், பெரியதுதான். ஆனால் அணை சரவாக்கில், நடுவில் தென்சீனக் கடல் இருக்கிறது. கடலுக்கடியில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டு ஜொகூருக்குக் கொண்டுவருவதாகத்தான் முதலில் பேச்சு, செலவு தாங்காமல் கைவிட்டார்கள். இப்போது அந்தக் கரண்டில் சரவாக்கில் அலுமினிய ஆலை ஓடுகிறது, 2016-லிருந்து இந்தோனேசியாவின் மேற்கு கலிமந்தானுக்கும் விற்கிறார்கள். நாட்டுக்குள் இருக்கிறது என்பதால் நமக்குக் கிடைக்கும் என்று ஆகிவிடாது.

அமெரிக்கா சாதிச்சுட்டான்னு யூடியூப்ல சொல்றாங்களே அண்ணே?

பாதி உண்மை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அடுத்த மாதமே அதிபர் நிக்சன், 1980-க்குள் வெளிநாட்டு எரிசக்தியை நம்பாமல் வாழ்வோம் என்று அறிவித்தார். 1980 வந்தது, இறக்குமதி குறையவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அதிபர்களும் அதே பேச்சைப் பேசினார்கள். கடைசியில் பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் முறை பெருகிய பிறகு, 2019-ல் மொத்த எரிசக்திக் கணக்கில் வாங்குவதை விட விற்பது அதிகமானது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

இனிதான் கவனிக்க வேண்டியது. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபோது, அந்தத் தன்னிறைவு பெற்ற அமெரிக்காவில் பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை, அவர்கள் ஊரில் எடுக்கிற கம்பெனி வெளியில் கிடைக்கிற விலைக்குத்தான் உள்ளூரிலும் விற்கும். தவிர அவர்கள் ஆலைகள் பல கனமான எண்ணெய்க்குக் கட்டியவை, கிணற்றில் வருவதோ லேசான எண்ணெய். அதனால் இன்றைக்கும் கனடாவிடமிருந்து தினமும் இலட்சக்கணக்கான பீப்பாய் வாங்குகிறார்கள். நிறைய எடுப்பது ஒன்று, விலை ஏற்றத்திலிருந்து தப்பிப்பது வேறொன்று.

அப்படின்னா அரசாங்கம் விலைய பிடிச்சு வச்சா போதுமே? இத்தன வருஷமா அப்படித்தானே ஓடுச்சு?

விலையைப் பிடித்து வைத்தது மானியம். உலக விலைக்கும் பம்பில் போட்டிருந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நாடு தன் கையிலிருந்து கொடுத்தது. தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கெடாக்காரனுக்குத் தெரியும், நம் மானிய டீசல் எந்த லோரியில் எந்தப் பக்கம் போனது என்று. 2024 ஜூன் 10-ந் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென் ஆனது. பெட்ரோலில் வேறு வழி எடுத்தார்கள், 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து அடையாள அட்டை உள்ள குடிமக்களுக்கு மட்டும் ரான் 95 ரக பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென், அதற்கும் மாத அளவு உண்டு.

மானியம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை, மோட்டாரில் வேலைக்குப் போகிறவனுக்கு அது சோறு. ஆனால் வெளியில் வாங்குவதை அது ஒரு சொட்டுகூடக் குறைக்காது. விலை மலிவாக இருந்தால் கூடத்தான் எரியும்.

மில்லு சொந்தமாத்தானே கரண்டு எடுத்துச்சு, அதே மாதிரி நாடும் எடுக்க வேண்டியதுதானே?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நூறு கிலோ செம்பனைக் குலையில் எண்ணெய் 20 கிலோ அளவுக்குத்தான் வரும். மீதியில் நாரும் கொட்டை ஓடும் பாய்லருக்குப் போகும். அதில் வரும் நீராவி முதலில் டர்பைனைச் சுற்றும், சுற்றிவிட்டு வெளியே வரும் அதே நீராவி குலையை வேகவைக்கும். ஒரு கல் ரெண்டு மாங்காய். தெனாகா (மின்வாரியக் கம்பெனி) கம்பி எட்டாத உள் தோட்டங்களில் மில் இப்படித்தான் ஓடியது, சில இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு லயத்துக்கும் அங்கிருந்துதான் விளக்கு. எரிபொருளுக்கு ஒரு சென் வெளியில் கொடுப்பதில்லை.

ஆனால் பாய்லர் ஆறிக் கிடக்கும்போது அதன் ஃபேனும் தண்ணீர் பம்பும் எதில் ஓடும்? டீசல் ஜெனரேட்டரில். முதல் நீராவி வரும் வரைக்கும் டீசல் வேண்டும். மழைக்காலத்தில் குலை வராமல் மில் நின்றாலும் டீசல்தான். டர்பைன் பேரிங் போனால் அந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மில் எண்ணெய் விற்றுக் காசு பார்க்கிற இடம், அதனால் கழிவை எரித்துத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. அதே கொட்டை ஓட்டுக்கு ஜப்பான் மின்நிலையங்கள் நல்ல விலை கொடுக்க ஆரம்பித்ததும் பல மில்கள் மிச்ச ஓட்டைக் கப்பலேற்றி விட்டன. தாப்பிஸ் கதைதான், முதல் கேள்வியில் சொன்னேன்.

இதில் வீணாகப் போவதாக நான் நினைப்பது மில் கழிவுநீர்க் குளத்திலிருந்து வரும் மீத்தேன். மூடி பிடித்தால் கரண்டு, விட்டால் நாற்றமும் சூடும். 2014-லிருந்து புதிய மில்களுக்கு அதைப் பிடிக்கும் வசதி கட்டாயம். பழைய மில்களில் பல இன்னும் திறந்த குளம்தான். நாட்டில் மில்கள் நானூறுக்கு மேல்.

செம்பனை எண்ணெயையே டீசலா ஊத்திடலாமே? நம்ம கண்ணு முன்னாடிதானே காய்க்குது!

ஏற்கெனவே ஊற்றுகிறோம். பம்பில் வரும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை. இந்தோனேசியா 2025-ல் நாற்பது சதவீதத்துக்குப் போய்விட்டது. ஆனால் முழுக்கப் போக முடியுமா என்று கணக்குப் போடுங்கள். நாம் வருடத்துக்கு எடுக்கும் செம்பனை எண்ணெய் சுமார் 19 மில்லியன் டன். நாடு எரிக்கும் பெட்ரோலிய எண்ணெய் ஒரு நாளைக்கு 7 முதல் 8 லட்சம் பீப்பாய், வருடத்துக்கு 35 மில்லியன் டன்னுக்குக் குறையாது. சமையலுக்கு ஒரு சொட்டு வைக்காமல், ஒரு கப்பல்கூட ஏற்றுமதி செய்யாமல் அத்தனையும் வண்டியில் ஊற்றினாலும் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும்.

அப்புறம் உரம். மரத்துக்கு யூரியா வேண்டும், அது எரிவாயுவில் செய்வது. நம் குருனில் பெட்ரோனாஸ் ஆலையே இருக்கிறது, அதுவரை சரி. பொட்டாஷ் இங்கே கிடையாது, கனடா, ரஷ்யா, பெலாரஸ் பக்கமிருந்து வர வேண்டும். 2022-ல் உர விலை ஏறியபோது சிறு தோட்டக்காரர்கள் பலர் ஒரு சுற்று உரத்தையே விட்டார்கள், அதன் பலன் பின்னால் குலையில் தெரிந்தது. குலை வெட்டும் ஆளும் வெளிநாட்டிலிருந்துதான். கொரோனா காலத்தில் எல்லை மூடியதும் பழம் மரத்திலேயே அழுகியது யாருக்கும் மறந்திருக்காது. கண் முன்னால் காய்க்கிறது, ஆனால் அது காய்க்க வெளியிலிருந்து வருவது இவ்வளவு.

பிரேசில் 1975-லிருந்து கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டிய நாடு. எண்பதுகளின் முடிவில் சர்க்கரைக்கு விலை கூடியதும் கரும்பு அந்தப் பக்கம் போய்விட்டது, சாராயத்துக்கே தட்டுப்பாடு, அதை மட்டுமே குடிக்கும் கார் வாங்கியவர்கள் பம்பில் நின்றார்கள். 2003-ல் பெட்ரோல், சாராயம் எதை ஊற்றினாலும் ஓடும் கார் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. அந்தக் கார்தான் எனக்குப் பிடித்த பாடம்: வேறு ஒன்றுக்கு மாறிக்கொள்ள வழி வைத்தது.

வெயிலுக்கா பஞ்சம்? கூரைக்குக் கூரை சோலார் போட்டா முடிஞ்சுது இல்லையா?

வயரிங்காரனிடம் இதைக் கேட்டால் போடுங்கள் என்றுதான் சொல்வேன், அதில் எனக்கும் வேலை உண்டு. அதைக் கழித்துவிட்டே பேசுவோம். பகலில் தொழிற்சாலையும் ஆபீஸ் ஏசியும் ஓடும் நேரத்துக்கு சோலார் கச்சிதம். வீட்டில் ஆள் இருந்து ஃபேன், டிவி, ஏசி போடுவது பொழுது சாய்ந்த பிறகு. மத்தியானம் மூன்று மணி மழை மேகம் வேறு. ராத்திரிக்கு பேட்டரி வேண்டும், அல்லது தெனாகா கம்பி வேண்டும்.

பேனலும் வெளிநாட்டுச் சரக்குதானே என்று அடுத்து கேட்பீர்கள். உலகத்தில் செய்யும் சோலார் பேனலில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் அமெரிக்கக் கம்பெனி ஃபர்ஸ்ட் சோலாரின் தொழிற்சாலை இருக்கிறது, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஷிப்ட் போகிறார்கள், அங்கே செய்வது பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. ஆனாலும் நிலக்கரிக்கும் பேனலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிலக்கரிக் கப்பல் ஒரு மாதம் வராவிட்டால் சிக்கல். பேனல் விற்பதை நிறுத்தினால் புதிதாகப் போட முடியாது, கூரையில் இருப்பது இருபது இருபத்தைந்து வருடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாங்குவது ஒன்றாக இருந்தாலும் கழுத்தைப் பிடிக்கும் வேகம் வேறு.

அங்கிள், அணு மின்சாரம்?

பிரான்ஸ் 1974-ல் எண்ணெய் விலை பயத்தில் அந்த வழிக்குப் போனது, இன்றைக்கு அதன் கரண்டில் மூன்றில் இரண்டு பங்கு அணுவில். யுரேனியம் அவர்கள் மண்ணில் எடுப்பதில்லை, கடைசிச் சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள், கஜகஸ்தான், நைஜர் போன்ற இடங்களிலிருந்து வாங்கினார்கள். இருந்தாலும் யுரேனியம் இடம் அடைக்காது, சில வருடத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம், நிலக்கரியை அப்படி முடியாது. 2022-ல் வந்த அடி உள்ளிருந்து வந்தது. குழாய்களில் அரிப்பு, சோதனை என்று பாதி உலைகள் நின்றன, நாற்பது வருடத்துக்கு மேல் இல்லாத வழக்கமாகப் பிரான்ஸ் விற்றதை விட அதிகமாகக் கரண்டு வாங்கியது. நம் நாட்டில் பாங்கியில் 1982-லிருந்து ஒரு சின்ன ஆராய்ச்சி உலை இருக்கிறது, கரண்டுக்கு எதுவும் கிடையாது.

எல்லாத்தையும் வாங்குற சிங்கப்பூரும் ஜப்பானும் ஜம்முன்னு இருக்கே, அது எப்படி?

சிங்கப்பூர் கரண்டில் சுமார் 95 சதவீதம் எரிவாயு, ஒரு பகுதி நம்மிடமிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாயில், மீதி கப்பலில் பல நாடுகளிலிருந்து. ஜப்பான் தன் எரிசக்தியில் சிறு பங்கைத்தான் சொந்தமாக எடுக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும் எண்ணெயைச் சேமித்து வைத்திருக்கிறது, பல பேரிடம் நீண்ட ஒப்பந்தம், கையில் காசு.

காசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2022-ல் கப்பல் இருந்தது, எண்ணெய் இருந்தது, கொடுக்க டாலர் இல்லை. நாள்கணக்கில் வரிசை, ஒரு நாளைக்குப் பதிமூன்று மணி நேரம்கூட கரண்டு வெட்டு.

சொந்தமா எரிபொருள் இருந்தும் இருட்டுல கிடந்த நாடு இருக்கா?

நிறைய. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி மலையாகக் கிடக்கிறது, பழுதான மின்நிலையங்களால் 2007-லிருந்து முறை வைத்துக் கரண்டு வெட்டினார்கள். நைஜீரியா ஆப்பிரிக்காவின் பெரிய எண்ணெய் நாடு, சொந்த ஆலைகள் படுத்துவிட்டதால் பல வருடம் பெட்ரோலை வெளியில் வாங்கியது. நம் ஊரிலேயே 1996 ஆகஸ்ட் 3, சாயங்காலம், திரங்கானு பாக்கா பக்கம் ஒரு மின்கம்பித் தடத்தில் வந்த கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. எரிவாயுவும் நிலக்கரியும் அன்றைக்கு எங்கும் குறையவில்லை.

பக்கத்து நாட்டோட கம்பிய இணைச்சா அவன் கைக்குள்ள போயிட மாட்டோமா?

ஏற்கெனவே இணைந்துதான் இருக்கிறோம். குருனிலிருந்து தாய்லாந்தின் கிளோங் ஙே வரை 300 மெகாவாட் கம்பி இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 2022-லிருந்து லாவோஸ் அணைக் கரண்டு தாய்லாந்து வழியாக, நம் கம்பி வழியாக சிங்கப்பூருக்குப் போனது. மொத்தத் தேவையில் சிறு துண்டுதான், ஒரு இயந்திரம் படுத்தால் உடனே கை கொடுக்கும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜெர்மனி தன் எரிவாயு இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவை நம்பி இருந்தது, 2022-ல் குழாய் நின்றதும் திணறியது, அந்த வருடக் கடைசியில் மிதக்கும் திரவ எரிவாயு முனையம் ஒன்றைத் திறந்து சமாளித்தது. கம்பி, குழாய் இருப்பது ஆபத்தில்லை, ஒன்றே ஒன்று இருப்பது ஆபத்து. இன்னொரு தொல்லையும் உண்டு: நோர்வேயில் கரண்டு பெரும்பாலும் அணைதான், ஐரோப்பாவோடு கேபிள் இருப்பதால் 2022-ல் அங்கே தெற்குப் பகுதி வீடுகளின் பில்லும் ஏறியது, மக்கள் கோபப்பட்டார்கள். அமெரிக்கா கேள்வியில் சொன்ன அதே விஷயம், பெட்ரோலுக்குப் பதில் கரண்டு.

மின்சாரக் கார் வாங்கினா நாட்டுக்கு நல்லதுதானே?

பெட்ரோலுக்குப் பதில் இந்தோனேசிய நிலக்கரியில் ஓட்டுவீர்கள் (மூன்றாவது கேள்வி). ஆனாலும் மின்மோட்டார் சக்தியை வீணாக்குவது குறைவு, கரண்டை எதிலிருந்தும் எடுக்கலாம், நாளைக்கு சோலார் கூடினால் கார் தானாக அதில் ஓடும். லயத்து வாசலில், மாடிவீட்டில் எங்கே சார்ஜ் போடுவது என்பது தனிப் பஞ்சாயத்து. தயவுசெய்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்காதீர்கள், எரிந்த பிளக்கை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலக்கரி, டாலர் எல்லாம் பெரிய விஷயம், என் பில்லுல எங்க தெரியுது?

2025 ஜூலையிலிருந்து தெனாகா பில்லில் எரிபொருள் சரிக்கட்டல் என்று மாதா மாதம் மாறும் ஒரு தொகை உண்டு. நிலக்கரி, எரிவாயு விலையும் டாலர் மதிப்பும் ஏறினால் கூடும், இறங்கினால் கழியும். மாதம் 600 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளுக்கு அது கிடையாது. ரெண்டு ஏசி வைத்திருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரர்கள் பில்லை எடுத்து அந்தத் தொகையைப் பாருங்கள், பல வீட்டில் முதல் பக்கத்து மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மீட்டர் பழுது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.